கமால் பாய் மணல் பார்க்கப் போகாத நாள்

செய்தி வந்தபோது நான் எங்கள் ஆஸ்பத்திரியின் லினன் ஸ்டோரில், சலவையிலிருந்து வந்த படுக்கை விரிப்புகளைப் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஆம்பூரிலிருந்து போன் என்று ஆபீஸ் பையன் வந்து கூப்பிட்டான். கமால் பாய் வேலை பார்த்த தோல் கம்பெனியின் டெலிபோன் ஆபரேட்டர் பேசினார். "சார், டெஸ்பாட்ச் கமால் பாய் மவுத்தாயிட்டாரு. காலைல தொழுகைக்கு எழுந்தவரு அப்டியே சுவத்துல சாஞ்சிட்டாராம். சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சதும் எடுக்கறாங்க. உங்களுக்குக் கண்டிப்பா சொல்லச் சொன்னாங்க" என்றார். "சரி, வர்றேன்" என்று போனை வைத்துவிட்டேன். திரும்பி வந்து மிச்சம் இருந்த விரிப்புகளையும் பார்த்து, கிழிந்தவற்றை ஒதுக்கி, கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகுதான் சூப்பரின்டெண்டிடம் லீவு கேட்டேன். "யாரு, சொந்தமா?" என்றார். "என்கூட அம்பயரா நிப்பாரு" என்றேன்.

வேலூர் பஸ் ஸ்டாண்டில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பள்ளிகொண்டா வந்தது, மாதனூர் வந்தது. வழியில் அழுகை வரும் என்று எதிர்பார்த்து கைக்குட்டையைக்கூட எடுத்து மடியில் வைத்திருந்தேன். வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தவர் தன் கத்திரிக்காய்க் கூடையை என் காலடியில் தள்ளினார் என்று அவரோடு சண்டை போட்டேன். மனசு மரத்துப்போனாலும் கோபம் மட்டும் வேலை செய்யும் போலிருக்கிறது. அந்த மனிதர் இறங்கும்போது என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்.

எங்கள் விளையாட்டுச் சங்கத்தார் கமாலுதீன் சாகிப்பைப் பற்றி எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். அவரைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. தெரியாதவர்களுக்கு எங்கே ஆரம்பிப்பது என்று எனக்கு விளங்கவில்லை. அன்பானவர், பண்பானவர் என்று அடுக்கினால் அவரே எழுந்து வந்து, "இன்னா எட்வின், போனவனப் பத்தி இவ்ளோ பொய்யா?" என்று கேட்டாலும் கேட்பார். ஆகவே நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் டெஸ்பாட்ச் செக்‌ஷனில் இருந்தார் அவர். பதம் செய்து முடித்த தோலைக் கட்டி, மெட்ராஸ் துறைமுகத்துக்கு லாரி ஏற்றி அனுப்புகிற வேலை. நெடிய உருவம். வெள்ளை முழுக்கைச் சட்டை, வெள்ளைத் தொப்பி. ஓவருக்குப் பந்து எண்ணுவதற்குப் பாக்கெட்டில் பேரீச்சங்கொட்டை போட்டு வைத்திருப்பார். எழுபதுகளின் தொடக்கத்தில் தோல் கம்பெனிகள் ஒரு கோப்பை வைத்து கிரிக்கெட் போட்டி நடத்தின. எங்கள் ஆஸ்பத்திரி டீமையும் சேர்த்துக்கொண்டார்கள். அம்பயர் வேலை தெரிந்த ஆள் அப்போது இந்தப் பக்கத்தில் மிகவும் கம்மி. கம்பெனிகள் சார்பில் அவர், ஆஸ்பத்திரி சார்பில் நான் என்று ஏற்பாடு. எங்கள் டீம்களே ஆடினாலும் நாங்கள்தான் நிற்போம். அதில் தப்பு இருப்பதாக ஒருவருக்கும் தோன்றியதில்லை, எங்களுக்கும் தோன்றியதில்லை.

ஆட்டம் நடப்பது பாலாற்றில். வருஷத்தில் தண்ணீர் ஓடுகிற சில வாரங்கள் போக, மற்ற நாளெல்லாம் அது மைதானம்தான். நடுவில் களிமண் கொட்டி இறுக்கி, அதன்மேல் தென்னை நார்ப் பாயை ஆணியடித்து விரிப்பார்கள். சுற்றிலும் மணல். முதல் தடவை போனபோது கரையில் தோல் ஊறுகிற நாற்றம் தாங்காமல் நான் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டேன். கமால் பாய் பார்த்துவிட்டு, "இது நாத்தம் இல்ல சார், எங்க ஊரு சோறு. நாலு ஓவர் நின்னா பழகிடும்" என்றார். நாலு ஓவரில் பழகவில்லை. நாலு மாதமாயிற்று.

அந்த முதல் ஆட்டத்திலேயே ஒரு தகராறு. எல்லைக்கோட்டருகே ஒருவர் குனிந்து பந்தை எடுத்துக் கேட்ச் என்று கத்தினார். தரையில் பட்டுத்தான் கைக்கு வந்தது என்றார் அடித்தவர். இரண்டு பக்க ஆட்களும் ஓடப் பார்த்தார்கள். கமால் பாய் இரண்டு கையையும் தூக்கி, "எல்லாரும் நின்ன எடத்துலயே நில்லுங்க! ஒருத்தர் காலும் நகரக் கூடாது!" என்று ஒரு அதட்டல் போட்டார். ஆற்றில் அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள். அவர் மட்டும் மெதுவாக நடந்து போனார். முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து மணலைப் பார்த்தார். பந்து விழுந்தால் காய்ந்த மணலில் கிண்ணம் மாதிரி ஒரு குழி விழும். கை மட்டும் பட்டிருந்தால் விரல் இழுத்த தடம்தான் இருக்கும். பார்த்துவிட்டு, அதே மெதுவான நடையில் ஸ்டம்ப் வரைக்கும் திரும்பி வந்து, அவுட் என்று விரலைத் தூக்கினார். அடித்தவர் மறுபேச்சில்லாமல் மட்டையை அக்குளில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

"சட்டப் புத்தகத்துல இப்டி ஒண்ணும் இல்லியே பாய்" என்றேன் டீ குடிக்கும்போது.

"புத்தகம் எழுதினவங்க ஊருல புல்லு. நம்ம ஊருல மணலு. புல்லு மறைச்சிடும், மணலு காட்டிக் குடுத்துடும்" என்றார்.

அதன் பிறகு பாலாற்றில் அதுவே வழக்கமாகிவிட்டது. கேட்சில் சந்தேகம் என்றால் 'மணல் பார்ப்பது'. அவர் நடந்து போய்ப் பார்த்துவிட்டால் தீர்ப்பு எப்படி இருந்தாலும் எல்லோரும் ஏற்றுக்கொள்வார்கள். வெயிலில் அவ்வளவு தூரம் நடக்கிறாரே என்று நான் கேலி செய்ததுண்டு. "தோத்தவன் வீட்டுக்குப் போய் சொல்றதுக்கு ஒரு வார்த்த வேணும் எட்வின். அம்பயரு வந்து பாத்தாருன்னு சொல்லிக்கலாம் இல்ல?" என்பார்.

அவருக்கு ஒரே தம்பி, ஜலால். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் தம்பியைப் படிக்க வைத்தது, வளர்த்தது எல்லாம் கமால் பாய்தான். தன் கம்பெனியிலேயே ஃபினிஷிங் செக்‌ஷனில் டெம்பரவரியாகச் சேர்த்துவிட்டிருந்தார். கம்பெனி முதலாளிக்கு கிரிக்கெட் பைத்தியம். டீமுக்குக் கோப்பை வாங்கித் தருகிற ஆளைப் பெர்மனென்ட் ஆக்கிவிடுவார், இது ஊருக்கே தெரியும். ஜலால் மட்டையில் சுமார், பந்து போடுவதில் அதைவிடச் சுமார். ஆனால் கேட்ச் என்றால் ஆம்பூரில் அவர் பேர்தான் முதலில் வரும். வெள்ளிக்கிழமை லீவில் கமால் பாய் ஆற்றில் நின்று வானத்துக்குப் பந்தை அடிப்பார், தம்பி ஓடி ஓடிப் பிடிப்பார். அதைப் பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு பொழுதுபோக்கு.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம், கடைசி ஆட்டத்துக்கு அந்தக் கம்பெனியும் எங்கள் ஆஸ்பத்திரியும் வந்தன. இன்னும் இரண்டு ரன் எடுத்தால் ஆஸ்பத்திரிக்குக் கோப்பை. ஒரு விக்கெட் விழுந்தால் கம்பெனிக்கு. பந்து போடுகிற முனையில் கமால் பாய் நின்றார், பக்கவாட்டில் ஸ்கொயர் லெக்கில் நான். எங்கள் ஃபார்மசியில் வேலை பார்க்கும் தேவா என்பவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வீசு வீசினார். பந்து கமால் பாய் தலைக்கு மேலே உயரமாக எழும்பிப் போயிற்று. அவர் முழுக்கத் திரும்பிக்கொண்டார். அங்கே லாங் ஆனிலிருந்து ஜலால் ஓடிக்கொண்டிருந்தார்.

நான் பார்த்தது இதுதான். ஓடுகிற ஓட்டத்திலேயே இரண்டு கையிலும் பந்தை வாங்கினார். பந்து கையில் இருக்க, இன்னும் சில அடி ஓடினார். உதிரி மணலில் கால் புதைந்தது. குப்புற விழுந்தார். முழங்கை தரையில் அடித்த வேகத்தில் பந்து கையிலிருந்து எகிறி மணலில் விழுந்தது. படுத்தபடியே அதை எடுத்துத் தூக்கிக் காட்டிக்கொண்டு, "அண்ணே! அண்ணே!" என்று கத்தினார். அம்பயரே என்று கூடக் கத்தவில்லை. இதற்குள் எங்கள் தேவா, அவுட்டா இல்லையா என்று தெரியாமலேயே, தலையைக் குனிந்துகொண்டு இரண்டு ரன்னையும் ஓடி முடித்துவிட்டார்.

கம்பெனி ஆட்கள் அத்தனை பேரும் ஜலால் விழுந்த இடத்துக்கு ஓடினார்கள். "பாய், வந்து பாருங்க! குழிய வந்து பாருங்க!" என்று அங்கிருந்து கையசைத்தார்கள். கமால் பாய் அவர்களை நிற்கச் சொல்லவில்லை. ஸ்டம்ப் பக்கத்திலேயே நின்றார். நான் அவரருகே போனேன். "இதுல மணலுக்கு வேல இல்ல எட்வின். விழுந்தது எல்லாருக்கும் தெரியுது. அதுக்கு முன்னாடியே புடிச்சி முடிச்சானா, அதான் கேள்வி. அத மணலு சொல்லாது" என்றார். அப்புறம் ஆட்கள் இருந்த பக்கம் திரும்பி, "பந்து அடங்கினா மட்டும் பத்தாது, ஆளும் அடங்கணும். நாட் அவுட்" என்று சொல்லிவிட்டுக் குனிந்து ஸ்டம்ப் மேலிருந்த பெயில்ஸை எடுத்தார், ஆட்டம் முடிந்தது. குரலை உயர்த்தவே இல்லை. அந்தப் பக்கம் அவர் ஒரு அடி கூட வைக்கவில்லை.

அன்று மாலை ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் டீம் கோப்பையோடு முன் பஸ்ஸிலேயே போய்விட்டது. என்னைக் கேட்டிருந்தால் அவுட் கொடுத்திருப்பேன் என்று அவரிடம் வெளிப்படையாகவே சொன்னேன்.

"எவ்ளோ நேரம் கையில இருந்தா புடிச்சதுன்னு சொல்லலாம்? நீங்களே சொல்லுங்க" என்றார்.

"புடிச்சிட்டு மூணு அடி ஓடினாரே பாய்."

"அந்த மூணு அடி அவன் ஓடினானா, விழுந்துக்கினு இருந்தானா?"

நான் டீயைக் குடித்தேன். "நீங்க அந்த முனையில நின்னிருக்கணும். நான் நின்னுட்டேன். லாரி கம்பெனி கேட்டத் தாண்டிட்டா தாண்டினதுதான்" என்றார் அவர்.

ஊர் இரண்டாகப் பிரிந்து பேசியது. பிடித்தது பிடித்ததுதான், அப்புறம் விழுந்தால் என்ன, எழுந்தால் என்ன என்று ஒரு கட்சி. விழுந்து முடித்தும் கையில் இருந்தால்தான் பிடித்ததாகக் கணக்கு என்று இன்னொரு கட்சி. இது நியாயமான சண்டை, இரண்டு பக்கமும் வாதம் இருக்கிறது. ஆனால் கமால் பாய் மேல் ஆம்பூர் சாட்டிய குற்றம் இது இல்லை. "பாக்காமலே குடுத்துட்டாரு" என்பதுதான் குற்றம். மணலில் பார்க்க ஒன்றுமில்லை என்று நானும் எத்தனையோ பேருக்குச் சொல்லிப் பார்த்தேன். "அது சரி சார். ஆனா வந்து பாக்கலியே?" என்பார்கள். எனக்கு அப்போது எரிச்சலாக வந்தது. எருமை மாட்டிடம் பேசுகிற மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன்.

முதலாளி கமால் பாயை ஒன்றும் சொல்லவில்லை. ஜலாலைப் பெர்மனென்ட் ஆக்கவும் இல்லை. ஜலால் அன்று இரவு வீட்டுக்கு வராமல் நண்பர் வீட்டில் தங்கினார். பிறகு வாலாஜாபேட்டைக்குப் போய் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் சேர்ந்துவிட்டார். அண்ணனோடு பேச்சு நின்றுபோயிற்று. ஊரில் கொஞ்ச நாள் பேசினார்கள், அப்புறம் மறந்துவிட்டார்கள். கமால் பாய்க்கு மட்டும் மிச்ச வாழ்க்கை முழுக்க அதுவே கவலையாக இருந்தது. தம்பி ஒருநாள் வந்து பேசுவானா என்பதைத் தவிர அவர் வேறு எதற்கும் ஏங்கி நான் பார்த்ததில்லை.

மனைவிக்கு மருந்து வாங்க அவர் ஒருநாள் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். அமெரிக்காவிலிருந்து சில மாதங்களுக்கென்று வந்திருந்த ஒரு எலும்பு டாக்டர் அந்தக் கடைசி ஆட்டத்தைப் பார்த்தவர். வராந்தாவில் எங்களைப் பார்த்ததும் நின்று, கமால் பாய் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் பேசியதை நான் தமிழில் சொன்னேன். "அவங்க ஊர்ல ஃபுட்பால்னு ஒரு ஆட்டமாம் பாய். பேருதான் ஃபுட்பாலு, பந்தக் கையில வச்சிக்கினு ஓடறதுதான் ஆட்டம். தூரத்துலேருந்து வீசுவாங்களாம், இவன் ஓடிப் புடிக்கணுமாம். புடிச்சிட்டு விழறப்ப பந்து நழுவிடுச்சின்னா அது கேட்ச்சா இல்லியான்னு அங்கயும் இதே ரகளையாம். சட்டத்த மாத்தி மாத்தி எழுதறாங்களாம், சண்ட மட்டும் ஓயலியாம்."

கமால் பாய் முகம் மலர்ந்துவிட்டது. "அங்கயுமா? இவ்ளோ பெரிய தேசத்துலயும் தீரலியா?" என்று சிரித்தார். அந்த ஆட்டத்துக்குப் பிறகு அவர் சிரித்து நான் முதலில் பார்த்தது அன்றுதான். பிறகு கொஞ்சம் தயங்கி, "அங்க அம்பயரோட தம்பி ஆடினா இன்னா பண்ணுவாங்கன்னு கேளுங்க" என்றார். கேட்டேன். டாக்டர் புருவத்தை உயர்த்தினார். அப்படி ஒரு ஆளை அந்த ஆட்டத்துக்கு அம்பயராக நிறுத்தவே மாட்டார்கள் என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன், அவர் தலையை ஆட்டிக்கொண்டார். மருந்துப் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் புறப்பட்டுவிட்டார். வழக்கமாக என்னோடு கேன்டீனில் ஒரு டீ குடிக்காமல் போக மாட்டார்.

அம்பயர் வேலையை அவர் விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. "இப்ப நிறுத்தினா தப்பு பண்ணிட்டு ஓடிட்டேன்னு ஆயிடும்" என்றார். அதற்கப்புறமும் பல வருஷம் பாலாற்றில் சேர்ந்து நின்றோம். சந்தேகம் வந்தால் முன்போலவே ஆட்களை நிறுத்திவிட்டு நடந்து போய் மணல் பார்ப்பார். லாங் ஆன் பக்கம் பந்து உயர எழும்பினால் மட்டும் அவர் திரும்புவதற்குக் கொஞ்சம் தாமதமாகும். அதை நான் கவனித்தேன், அவரிடம் சொன்னதில்லை.

ஜலாலுக்குக் கல்யாணம் வந்தது. பத்திரிகை அண்ணி பேருக்கு வந்தது. இருவரும் வாலாஜாபேட்டைக்குப் போனார்கள், கூட நானும் போனேன். மாப்பிள்ளை அண்ணிக்கு சலாம் சொல்லி, துஆ செய்யச் சொன்னார். பக்கத்தில் நின்ற அண்ணனைத் தாண்டிப் போய் அடுத்தவருக்குக் கை கொடுத்தார். கமால் பாய் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டார். "மட்டன் நல்லா வெந்திருக்கு இல்ல?" என்று என்னிடம் கேட்டார். வருஷா வருஷம் ரம்ஜானுக்கு, மெட்ராஸ் போகிற கம்பெனி லாரி டிரைவரிடம் வாலாஜாபேட்டைக்கு ஒரு கேரியர் கொடுத்தனுப்புவார். கேரியர் கழுவித் திரும்பி வரும். ஜலால் சாப்பிட்டாரா, யாருக்காவது கொடுத்துவிட்டாரா என்பது டிரைவருக்கும் தெரியாது.

எண்பதுகளில் கம்பெனி கெஸ்ட் ஹவுஸுக்கு டி.வி. வந்தது. ஒருநாள் ஏதோ ஒரு வெளிநாட்டு மேட்ச் பார்க்க என்னை அழைத்திருந்தார். ஒரு ஆட்டக்காரர் பாய்ந்து பந்தைப் பிடித்தார், உருண்டார், எழும்போது பந்து கையில் இல்லை. அதையே மெதுவாக்கி, இரண்டு மூன்று பக்கத்திலிருந்து திரும்பத் திரும்பக் காட்டினார்கள். கமால் பாய் நாற்காலியை டி.வி.க்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "இவ்ளோ மெதுவா காட்டியும் தெரியலியே எட்வின்" என்றார். எனக்கும் தெரியவில்லை. அவரோடு இருந்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

இறப்பதற்கு முந்தின மாதம் நெஞ்சு வலியென்று எங்கள் ஆஸ்பத்திரியில் சில நாள் படுத்திருந்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நான் போய் அவர் பக்கத்தில் உட்காருவேன். என் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்து, "இன்னைக்கும் கத்திரிக்காயா?" என்று கேலி செய்வார். ஒருநாள் அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று, "அவன் புடிச்சிருப்பான் எட்வின்" என்றார். யாரைச் சொல்கிறார் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"அப்ப ஏன் பாய் குடுக்கல?"

"அவன் புடிச்சிருப்பான். ஆனா நான் பாத்தது அது இல்ல. பாத்ததத்தான குடுக்கணும்."

நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். அவர் போர்வையின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டே பேசினார். "எல்லாரும் வந்து பாரு, வந்து பாருன்னு கூப்ட்டாங்க. போயிருக்கலாம். ஆனா பக்கத்துல போனா அவன் மூஞ்சியப் பாப்பேன். பாத்தேன்னா வெரலத் தூக்கிடுவேன். அதான் போகல. இத்தன வருஷமா இத எவன்கிட்டயும் சொல்லல." பிறகு, "நீங்களா போய் அவன்கிட்ட சொல்லிக்கினு இருக்காதீங்க. அது சமாதானத்துக்கு ஆள் அனுப்பின மாதிரி ஆயிடும். அவனா என்னிக்காவது கேட்டா சொல்லுங்க" என்றார். சரி என்றேன். மறுவாரம் வீட்டுக்குப் போனார். அதன் பிறகு நடந்ததெல்லாம் முதலில் சொன்ன அந்தப் போனோடு சேர்ந்தது.

ஆம்பூரில் இறங்கி நேராக வீட்டுக்குப் போனேன். முகம் பார்த்தேன். வெள்ளைத் துணியில் சுற்றி, பஞ்சு வைத்திருந்தார்கள். தூங்குகிற மாதிரி இருக்கிறார் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அவர் தூங்குகிற மாதிரி தெரியவில்லை, வேறு யாரோ மாதிரி தெரிந்தார். வெளியே வந்து நின்றேன். ஜனாஸாவைத் தோளில் சுமந்துகொண்டு பள்ளிவாசலுக்குப் போனோம். தொழுகைக்கு எல்லோரும் உள்ளே போக, நான் வெளியே மதிலோரம் நின்றேன். அங்கே இன்னொருவரும் உள்ளே போகாமல் நின்றுகொண்டிருந்தார். தாடி நரைத்திருந்தது, உடம்பு பெருத்திருந்தது. அவர்தான் முதலில் பேசினார்.

"ஸ்கொயர் லெக் அம்பயர்தான நீங்க?"

ஜலால் என்று அப்போதுதான் தெரிந்தது. ஆமாம் என்றேன். அவர் மதிலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அவுட் குடுக்கலன்னு எனக்குக் கோவம் இல்ல சார். வேல போச்சுன்னும் இல்ல. எவன் எவனுக்கோ அந்த வெயில்ல அவ்ளோ தூரம் நடந்து போய்ப் பாத்தாரு. நான் மொழங்கை தேஞ்சி ரத்தம் ஒழுக விழுந்து கெடக்கறேன், அண்ணே அண்ணேன்னு கூப்புடறேன். என்கிட்ட வரல சார். ஏன் சார் வரல? உங்ககிட்டயாவது சொன்னாரா?"

அவராகக் கேட்டுவிட்டார். நான் சொன்னேன். ஆஸ்பத்திரியில் கமால் பாய் சொன்ன வார்த்தைகளை, ஒன்று கூட்டாமல் குறைக்காமல், அவர் சொன்ன மாதிரியே சொன்னேன். ஊர் முழுக்க 'வந்து பார்க்கவில்லையே' என்று சொன்னபோது அவர்களை எருமை மாடு என்று நினைத்தவன் நான். அவர்கள் எதைச் சொன்னார்கள் என்பது அந்த மதிலோரத்தில்தான் எனக்குப் புரிந்தது.

ஜலால் முழுக்கக் கேட்டார். "எப்ப சொன்னாரு?" என்றார்.

"போன மாசம்."

ஜலால் அழவில்லை. தண்ணீர்த் தொட்டியருகே போய்க் கைகால் முகம் கழுவி, தொப்பியைச் சரியாக வைத்துக்கொண்டு உள்ளே போனார். கடைசி வரிசையில் நிற்பார் என்று நினைத்தேன். ஆட்களை விலக்கிக்கொண்டு முன்வரிசைக்குப் போவதை வாசலிலிருந்து பார்த்தேன்.

அடக்கஸ்தலத்தில் குழி தயாராக இருந்தது. ஜனாஸாவை வாங்கி வைக்க ரத்த சொந்தத்தில் ஆள் உள்ளே இறங்க வேண்டும். கமால் பாய்க்குப் பிள்ளைகள் இல்லை. மனைவி வழியில் இரண்டு பேர் முன்னால் வந்தார்கள். அவர்களுக்கு முன்பே ஜலால் செருப்பைக் கழற்றிவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கிவிட்டார். முழங்கையில் பழைய தழும்பு ஒன்று வெளுப்பாகத் தெரிந்தது. மேலே நின்றவர்கள் கமால் பாயைத் தூக்கி மெதுவாக இறக்கினார்கள். அவரோடு குழியில் இறங்கிய ஒருவர் கால்பக்கத்தை வாங்கினார். தலைமாட்டில் ஜலால் இரண்டு கையையும் நீட்டி நின்றார்.

"பாத்து, பாத்து, கனம் ஜாஸ்தி" என்றார் மேலே இருந்த பெரியவர்.

"புடிச்சிக்கினேன். விடுங்க" என்றார் ஜலால்.

விட்டார்கள். அவர் அண்ணனை மார்போடு சேர்த்துப் பிடித்தபடி நின்றார். கீழே வைக்கச் சொன்னார்கள். உடனே வைக்கவில்லை. குனிந்து முகத்தைப் பார்த்தார். பிறகு மண்டியிட்டு, ஓசை வராமல், தரையில் படுக்க வைத்தார்.

நானும் என் பங்குக்கு மண் போட்டேன். எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை. கமால் பாய், தம்பி கேட்டார், சொல்லிவிட்டேன். போய்ட்டு வாங்க.